தண்ணீர் கேட்காத எஞ்சின்

தீவு ஊரான கரம்பொன்னில் சில்வெஸ்ரரைக் கண்டவுடன் ஆட்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். பவுசர் என்கிற தண்ணீர்த் தாங்கி வண்டியை உழவு இயந்திரத்தில் பூட்டி இழுத்துக்கொண்டு அவர் அந்தத் தீவின் ஒழுங்கைகளில் திரியத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிறது. கிணறு இல்லாத வளவு அங்கே குறைவு. ஆனால் அள்ளினால் முக்கால்வாசியும் சவர்த் தண்ணீர், வாயில் வைக்க ஏலாது. அதனால் பூசைக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுப் பந்தலுக்குக் கீழே இருந்தாலும் சரி, யாராவது பக்கத்தில் வந்து குந்தி, "அண்ணை, எங்கட பக்கம் எப்ப வருவியள்?" என்று காதுக்குள் கேட்பார்கள். மனிதர் சினக்கமாட்டார். அந்த உழவு இயந்திரமே அவரிடம் கேட்கிற சாதிதான். வெயில் நாளில் ஒவ்வொரு நடைக்கும் அதன் ரேடியேற்றருக்கு ஒரு கான் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

கேட்கக் கூடாத ஒருவர் அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தார். மனைவி அருளம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குப் போய், இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்திகரிக்க வேண்டும். குடிப்பதற்கு நாளுக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான், அதற்குமேல் ஒரு மிடறும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், தனக்குத் தாகம் எடுத்தால் மனைவியின் கண்ணில் படாமல் வேலிப் பக்கம் போய் நின்று குடித்தார்.

வருத்தத்தைவிட, போய்வருகிற வழிதான் அருளம்மாவைத் தின்றது. ஓட்டோவில் போனால் குலுக்கல், பஸ்ஸில் போனால் நெரிசல். ஒருநாள் திரும்பி வரும்போது வேலணைக்குக் கிட்ட பஸ்ஸுக்குள்ளேயே சத்தியெடுத்து மயங்கி விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் ஒரே பேச்சாகச் சொன்னார்: "இனி நான் போகமாட்டன். வாறது வரட்டும்." ஒருதரம் சொன்னதை மாற்றுகிற ஆளில்லை அவர். போகாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று சில்வெஸ்ரர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அவர் நினைப்பில் வந்தது வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்குள் கிடந்த கார். சும்மா கார் அல்ல. ஜேர்மன்காரன் செய்த கார்மன் கியா. இரண்டே கதவு, நிலத்தோடு பதிந்த உடம்பு, ஏறி இருந்தால் ஆளை வாங்கிக்கொள்ளும் கதிரைகள். அவர் முந்திச் சாரதியாக இருந்த வீட்டுக்காரர் கதிர்காமு ஐயா கனடாவுக்குப் போகும்போது, "நீரே வைச்சிரும்" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காரை ஐயா தானே ஓட்டினார், சில்வெஸ்ரருக்குத் தந்தது லொறிதான்; யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டியதில் அதன் எஞ்சின் முந்தியே கருகிச் செத்துப்போனது. உடம்பில் மட்டும் கறள் பிடிக்கவில்லை. உப்புக் காற்றுக்குப் பயந்து அவர்தான் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். தன்னை ஒருநாளும் இப்படித் துடைத்துப் பார்த்ததில்லை என்று அருளம்மா பகிடி பண்ணுவார்.

கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் நிலக்ஷன் அவருக்குத் தங்கையின் மகன். அவன் அந்தக் காருக்குப் போட இரண்டு எஞ்சின் பார்த்து வைத்திருந்தான். ஒன்று ஜப்பான் காரில் இருந்து கழற்றியது, வயது குறைந்தது. மற்றது முதுகு வளைந்த பழைய வொக்ஸ்வாகனில் இருந்தது, அந்தக் கார்மன் கியாவின் சொந்த இனம். அந்தப் பழையதை நிலத்தில் இரண்டு கட்டைகளில் ஏற்றி, பக்கத்தில் பெற்றோல் ரின் ஒன்றைத் தொங்கவிட்டு ஓடவிட்டுக் காட்டினான். காரும் இல்லை, சில்லும் இல்லை, வெறும் எஞ்சின் தனியே நிலத்தில் இருந்து படபடவென்று முழங்கியது. சில்வெஸ்ரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

நிறுத்திய பிறகு நிலக்ஷன் தொலைபேசியில் கதைக்க வெளியே போனான். எஞ்சினில் இருந்து அனல் எழும்பியது. பாவம், இவ்வளவு ஓடியும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லையே என்று சில்வெஸ்ரருக்கு இரக்கமாக இருந்தது. மேலே ஒரு வட்ட மூடி தெரிந்தது. துணியால் பிடித்துத் திறந்து, கையில் இருந்த போத்தல் தண்ணீரை ஆறுதலாக ஊற்றினார்.

"என்ன மாமா செய்தனீங்கள்?" நிலக்ஷன் ஓடிவந்தான்.

"தண்ணி விட்டனான்."

"ஐயோ, அது ஒயில் விடுற வாய்!"

"அப்ப தண்ணி எதுக்கை விடுறது?"

"ஒண்டுக்கையும் விடுறேல்லை. இதுக்குத் தண்ணியே வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதையும் தம்பி."

பால் தேத்தண்ணி நிறத்தில் வந்த ஒயிலை முழுக்க வடித்து, கழுவி, புது ஒயில் விட்டு மறுபடி ஓடவிட நிலக்ஷனுக்குப் பின்னேரமாகிவிட்டது. அவன் வாய்க்குள் முணுமுணுத்ததை இங்கே எழுத ஏலாது. இந்தமுறை மாமனின் கையைப் பிடித்து எஞ்சினின் காற்றாடிக்குக் கிட்டக் கொண்டுபோனான். காற்று உள்ளங்கையை உள்ளுக்கு இழுத்தது. கீழே பிடித்தால் அதே காற்று சுடச்சுட வெளியே போனது. சில்வெஸ்ரர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். ரேடியேற்றர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, ஊற்றுவதற்கு ஒரு வாய் இல்லை. நெருப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வெறும் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது அது. கோயிலில் நற்கருணைக்கு முன்னால் நிற்கிறவர்போல ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்.

"எண்டாலும் மாமா, ஜப்பான் எஞ்சினைப் போடுங்கோ. இதைவிட இரண்டு மடங்கு இழுவை. சாமான் எங்கையும் வாங்கலாம். மாமிக்கு ஏசியும் பூட்டித் தருவன்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஏசி என்றதும் சில்வெஸ்ரருக்கும் மனம் ஆடியது. ஆனால் அந்த எஞ்சினுக்கு ரேடியேற்றர் வேண்டும். தீவில் அவசரத்துக்குக் கையில் கிடைக்கிற சவர்த் தண்ணீர் ரேடியேற்றரை அரித்துத் தின்கிற விதம் அவர் காணாததா? நட்டநடு வெயிலில், இரண்டு பக்கமும் கடல் பரந்த பண்ணைப் பாலத்தில், மூடியைத் திறந்துவைத்துப் புகைந்துகொண்டு நிற்கிற வாகனங்களுக்கு எத்தனை தரம் தண்ணீர் கொண்டுபோனவர்.

"ஒருக்கா வழியிலை நிண்டால் போதும் தம்பி," என்றார். "பிறகு அவ ஏறமாட்டா. நீர் இந்தக் காத்துக் குடிக்கிறதையே பூட்டும்."

அடுத்த முறைக்கு முந்தியே பூட்டி முடிந்தது; அருளம்மாவை இழுத்துவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரே ஒரு தரம், பிடிக்காவிட்டால் பிறகு கேட்கமாட்டேன் என்று சில்வெஸ்ரர் சத்தியம் பண்ணின பிறகுதான் செவ்வாய்க்கிழமை காலை ஏறி இருந்தார். போகும்வழியில் சில்வெஸ்ரரின் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. அது ஒருதரம் இருமினாலும் இவர் செத்துப்போயிருப்பார்.

திரும்பும்போது உச்சி வெயில் சற்றுச் சாய்ந்திருந்தது. இரத்தம் சுத்திகரித்த களைப்பில் அருளம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பண்ணைப் பாலத்தில் பாதி வழியில் ஒரு வான் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அதன் சாரதி ஓடிவந்து கையைக் காட்டினான்.

"அண்ணை, தண்ணி இருக்கோ?"

"இல்லைத் தம்பி," என்றார் சில்வெஸ்ரர். அந்த வார்த்தையை அவர் வாய் சொன்னதை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குத் தன் பவுசரைக் கொண்டு வந்துகொண்டிருந்த கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தார்.

அருளம்மா கண்ணைத் திறந்திருந்தார். "ஏன் தண்ணி கொண்டுவரேல்லை? அப்ப இந்தக் காருக்கு?"

"இதுக்கு வேண்டாம்."

"காலமையும் விடேல்லையோ?"

"விடுறதுக்கு இடமே இல்லை அருளம்மா. காத்தாலைதான் ஆறுது."

"ஒரு சொட்டும் இல்லாமலோ?"

"ஒரு சொட்டும் இல்லாமல்."

அருளம்மா நிமிர்ந்து இருந்து பின்பக்கம் திரும்பினார். ஊசி ஏற்றாத கையை நீட்டிப் பின்தட்டின் மேல் வைத்தார். அதற்கு அப்பால் எஞ்சின் அதிர்ந்துகொண்டிருந்தது. கை நெடுநேரம் அங்கேயே இருந்தது. முகத்தில் பிரமிப்பு எழுதியிருந்தது.

"கெட்டிக்காரி," என்றார் மெதுவாக. சொன்னது சில்வெஸ்ரருக்கு அல்ல.

பிறகு கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். கடற்காற்று தலைமயிரைக் கலைத்தது, ஒதுக்கவில்லை. மண்டைதீவுச் சந்தியும் கடந்துபோனது.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"

சில்வெஸ்ரர் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார்.

"ஆறு மணிக்கு," என்றார்.