அம்மை என்று நம்பிய ஒன்பது நாள்

1983 மே 11, புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கோச்சடையில் காற்று அசையவில்லை. காலையிலிருந்து ஒரு மேகமும் இல்லை. அலுவலகத்தில் மின்சாரம் போனதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வீடு திரும்பினேன்.

என் மனைவி வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருந்த என் தங்கை, மருந்துப் புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

மனைவிக்குப் புற்றுநோய். ஊசி போட்ட நாளிலிருந்து பதினான்கு நாள், நாளுக்கு ஒரு மாத்திரை. மூன்றாம் நாளே மார்பிலும் கைகளிலும் சிவந்த தடிப்புகள் வந்தன. மருந்தால் அப்படி வரலாம், பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் நான் வேர்க்குரு என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தினமும் மாலை புட்டியைக் கவிழ்த்து எண்ணுவேன். ஒரு நாளும் கணக்குப் பிசகவில்லை.

"எம்புட்டு நாளா இது?"

"இன்னையோட ஒம்பது, அண்ணே. அம்மை கண்ட ஒடம்புக்கு மருந்து குடுத்தா ஆத்தா பொறுப்பாளா? நீ எண்ணிப் பாப்பேன்னுதான் தெனம் ஒண்ணா எடுத்துக் கெணத்துல போட்டேன்."

"அது அம்மை இல்ல!"

"பின்ன? அல்சர் மாத்திரைக்கா ஒடம்பெல்லாம் இப்புடிப் பொரிஞ்சு கெடக்கு?"

அல்சர் என்று சொல்லி வைத்திருந்தது நான்தான்.

"அவளைத் திட்டாதீங்க. நாந்தான் போடச் சொன்னேன்," என்றாள் மனைவி.

பதினெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். ஒவ்வொரு நாளும் நான் வரும் நேரம் பார்த்து இலையை வாரி ஒளிக்கச் சொல்லியிருக்கிறாள். தங்கையை மன்னிக்க முடிந்தது, இவளை முடியவில்லை. கத்திவிட்டேன்.

"அல்சரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒனக்குக் கேன்சருடி!"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "எத்தனை மாசமாத் தெரியும்?" என்றாள்.

"நாலு."

"நாங்க ஒம்பது நாளுதான் மறைச்சோம்."

மறுநாள் பாலம் தாண்டிக் கோரிப்பாளையம் பக்கம் டாக்டரிடம் போனோம். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க முடியாது, ரத்தம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். புதுப் புட்டியை அவளே கைநீட்டி வாங்கிக்கொண்டாள். வீட்டில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். என்னை எண்ண விடவில்லை. பரிசோதனை, மாத்திரை, போகவர வாடகைக் கார் எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்தேழு ரூபாய் நாற்பது காசு.