என் மகனின் ரத்தத்தைத் தேடியவர்

என் மகனின் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறவில்லை. அவனுடைய தோல் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, ரத்தம் உருவாகும் வழியில் தடை எங்கே என்று தேடியவர் ஒரு பெண் விஞ்ஞானி. என்னிடம் சம்மதம் கேட்க வந்தபோது விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

மகன் இறந்து சில மாதம் கழித்து, தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அங்கிள், தடை எங்கேன்னு இப்பதான் தெரிஞ்சது. அவன் செல்ஸ் லேப்ல இன்னும் வளருது. நிறுத்தணும்னா சொல்லுங்க."

"வேற பிள்ளைங்களுக்கு உதவுமா?"

"தெரியல அங்கிள்."

"வளரட்டும்மா" என்றேன்.

அவர் கண் கலங்கியது. "அவன நான் நேர்ல பார்த்ததே இல்ல. எப்படி இருப்பான்?"

போனில் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். தினமும் அவன் செல்களைப் பார்ப்பவருக்கு அந்த முகம் புதிது. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. போனைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.