திரி வெட்டும் அக்காவின் விமர்சனம்

சிவகாசி பஸ்ஸில் இன்று பக்கத்து சீட் அக்கா, "என்ன வேலை பாக்குறீக?" என்றார்.

பேட்டிகளில் அளந்துவிடுவதையே சொன்னேன். "எட்டு வருசம் ஸ்டுடியோவுல மியூசிக் பண்ணேன்க்கா. அந்தத் தாளந்தான் சினிமா எடிட்டிங்குக்குக் கூட்டிட்டு வந்துச்சு."

"எடிட்டிங்னா?"

"வேண்டாததை வெட்டுறது."

"அட, நானும் பட்டாசுக் கம்பெனில திரி வெட்டுறவதான்!"

பெருமையாக, நான் எடிட் செய்த படத்தின் பெயரைச் சொன்னேன். அக்கா முகம் மாறிவிட்டது.

"அதுவா? பாதியில தூங்கிட்டேன். திரியை அம்புட்டு நீளமா விட்டா எங்க போர்மேன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருவாரு."

இறங்கும்போது ஆறுதலும் சொன்னார். "பாட்டு நல்லாருந்துச்சும்மா."

அந்தப் பாட்டு நான் போட்டதல்ல.

எனக்கு மூன்றாவதாக ஒரு தொழில் சொல்லுங்கள், நண்பர்களே. திரி வெட்டுவதற்கு லாயக்கில்லை என்பது உறுதியாகிவிட்டது.