அம்மிக்கல் மேல் பாட்டுப்பெட்டி

கிருபாபாய்க்கு அந்தக் கிராமபோன் பெட்டியைக் கண்டாலே குமட்டும். அதற்குள் பாடுகிறவள் அவளேதான் என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முன்னால், அவள் சென்னையில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தபோது, இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, நன்றாகப் பாடுகிற பிள்ளை யார் என்று விசாரித்து, அவளை ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை பாடவைத்துப் பதிந்துகொண்டு போனார். அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. அந்தக் கம்பெனியும் இல்லை, இந்த உலகச் சண்டைக் காலத்தில் புதுத் தட்டும் லேசில் கிடைப்பதில்லை. இருக்கிற ஒரே தட்டு நம்முடையதுதான் என்று அவள் புருஷன் ஜெயசிங், பார்க்கிறவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவான். என்னமோ அவனே பாடினது மாதிரி.

தூத்துக்குடியில் அவர்கள் வாடகைக்கு இருந்தது ஒரு மச்சு வீடு. மரப்பலகைத் தளம். ஒட்டினாற்போலப் பஞ்சைப் பொதியாக அழுத்துகிற ஆலை. ஒவ்வொரு பொதி இறங்கும்போதும் வீடு ஒரு தூக்குத் தூக்கிப் போடும். ஊசி குதித்துத் தட்டில் கோடு கிழிக்கும். பெட்டிக்குள் இருக்கிற கிருபாபாய் விக்கி விக்கி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆலையை ஜெயசிங் திட்ட முடியாது. அங்கேதான் அவன் கணக்கெழுதுகிற ரைட்டர். அதனால் வீட்டில் இருக்கிறவளைத் திட்டினான்.

"ஏளா, நடக்காத! ஊசி குதிக்கும்லா!"

தட்டு ஓடும்போது நடக்கக் கூடாது, உலக்கை போடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. கையில் அகப்பையோடு அடுப்படி வாசலில் மரம் மாதிரி நின்று அவள் தன் பாட்டையே கேட்கவேண்டும். சாம்பார் அடிப்பிடித்தாலும் அசையக் கூடாது. இந்தக் கூத்துக்கு என்ன பெயர் சொல்வது? அவளுக்கு வாயில் வந்ததெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை.

பெட்டிக்கு அடியில் கம்பளியை மடித்து வைத்தான். பெட்டி சாய்ந்து ஊசி வழுக்கியது. சுவரில் பலகை அடித்து அதன் மேல் வைத்தான். அந்தச் சுவர் ஆலையோடு ஒட்டின சுவர். முன்னைக்கு இப்போது இரண்டு மடங்கு ஆடியது.

கடைசியில், சங்கு குளிக்கிற வளனிடம் சொல்லி நாலு கடல்பஞ்சு வாங்கிவந்தான். மேலே கனமாக ஏதாவது வைத்தால்தான் பஞ்சு அமுங்கி நிற்கும் என்று, அவளைக் கேட்காமல் அம்மிக்கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தான். கல்லின் மேல் பெட்டி. ஆலை இடித்தது. ஊசி அசையவில்லை. ஜெயசிங் குதிக்காத குறை. அன்றிலிருந்து கிருபாபாய் மிளகாயைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு அம்மிக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் வீடு நாறியது. செத்த எலியோ என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். நாற்றம் பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது. கல்லைப் புரட்டினால் பஞ்சு கருத்துக் கொழகொழவென்று இருந்தது. உள்ளே புழு.

"கடல்பஞ்சும் ஒரு உசுருதான், மண்ணுல புதைச்சு எட்டு நாள் அழுகவிட்டு அலசணும்லா ரைட்டரய்யா. முத்துச் சிப்பிக்குச் செய்யுத சோலிதான். இதெல்லாமா ஒருத்தர் சொல்லணும்?" என்றான் வளன். கடல் இல்லாத நாசரேத் ஊரில் பிறந்து வளர்ந்த ஜெயசிங்குக்கு இது எங்கே தெரியும்?

புதைத்தது, தோண்டியது, அலசியது எல்லாம் கிருபாபாய். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியில் நின்று யோசனை சொன்னான். சீ என்று போட்டுவிட்டு வந்திருப்பாள். வராததற்கு ஒரு காரணம் இருந்தது.

கோயிலில் பெண்களின் பாட்டை நடத்திவந்த அம்மாள் மாற்றலாகிப் போய்விட்டாள். கிறிஸ்மஸுக்கு ஆள் வேண்டும் என்று சபைக் குருவானவர் பொன்னுதுரை ஐயர் தேடிக்கொண்டிருந்தார். கிருபாபாய் கல்யாணத்துக்குப் பிறகு கோயிலில் வாய் திறந்து பாடியதில்லை. "அதான் தட்டுல இருக்கே, கூட்டத்துல நின்னு கத்தணுமாக்கும்" என்று ஜெயசிங் விடவில்லை. இப்போது அவனே ஐயரைச் சனிக்கிழமை தட்டுக் கேட்கக் கூப்பிட்டிருந்தான். கேட்டால் அவர் தன்னைத்தான் அழைப்பார் என்று அவள் நம்பினாள். அந்த அழுகலைக் கிணற்றடியில் பிசைந்து அலசும்போதே மெல்லப் பாடிப் பார்த்தாள். தொண்டை இன்னும் இருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அலசிக் காய்ந்த பஞ்சு மறுபடி கல்லுக்கு அடியில் போனது. சனிக்கிழமை ஐயர் வந்தார். தட்டு ஓடியது. ஆலை இடித்தது, காப்பித் தம்ளர்கள் கிணுகிணுத்தன, ஜன்னல் ஆடியது. பாட்டு மட்டும் ஒரு இடத்திலும் விக்காமல் கடைசிவரை வந்தது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, இத்தனை நாள் இதை ஒளிச்சு வச்சிருந்தீங்களே!" என்றார். "கிறிஸ்மஸ் ஆராதனைக்கு..."

கிருபாபாய் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"...இந்தப் பெட்டியை அப்படியே கோயிலுக்குக் கொண்டு வந்திரலாமே ஜெயசிங்? கல்லு, பஞ்சு எல்லாத்தோடயும்?"

"வண்டி வச்சே கொண்டு வாரேன் ஐயா. ஒரு அசைவு இருக்காது."

"ஐயா, அந்தக் கீர்த்தனைக்கு அஞ்சு சரணம் உண்டு. தட்டுல ரெண்டுதான் இருக்கு" என்றாள் அவள்.

"ரெண்டு போதும்மா. சனங்களும் வீட்டுக்குப் போகணும்லா."

புழுவை அலசினபோது வராத அருவருப்பு இப்போது அவளுக்கு வந்தது. புருஷன் மேல், ஐயர் மேல், பெட்டிக்குள் சமர்த்தாகப் பாடிய அந்தப் பெண் மேலும்.

"அது பதினோரு வருசத்துக்கு முந்தின தொண்டை ஐயா. இப்ப உள்ள தொண்டை இந்தா நிக்குது. எது வேணும்னு சொல்லுங்க."

ஜெயசிங் முகம் சுண்டியது.

"கோவப்படாதீங்கம்மா. உங்களைத்தானே கூப்பிடுதோம்" என்றார் ஐயர், பெட்டியைப் பார்த்துக்கொண்டு.