ஒரு போல்ட்டில் மட்டும் புதுக் கிரீஸ்

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்த பிறகு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஊர்க் காணியைப் பார்த்து வரலாமென்று, பைக்கின் பின்பக்கத்துக்குத் குலுக்கலைத் தாங்கும் தடித்த ஷொக் இரண்டு வாங்கினேன். புத்தளத்து வீட்டு முற்றத்திலேயே மாற்றத் தொடங்கினேன். பழைய ஷொக்குகளைப் பிடித்திருந்தவை நாலு போல்ட். மூன்று கழன்றன. வலப்பக்கத்துக் கீழ் போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கியது. அதன் தலை மூலைகள் தேய்ந்து உருண்டையாகிக் கிடந்தது.

உப்புக் காற்றுக்குப் பயந்து நாலுக்கும் கிரீஸ் பூசி வைப்பவன் நான். மூன்றில் என் பழைய கறுத்த கிரீஸ் இருந்தது. இதில் மட்டும் புதுசாக, மஞ்சளாக. யாரோ செய்ததை மூடியிருக்கிறார்கள்.

போன கிழமை பைக்கை இரவல் கொண்டுபோனவர் மனைவியின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் என் மச்சான்.

"நானா அதில கையே வெச்சிருக்க மாட்டார். உங்களுக்கு எல்லாரிலயும் சந்தேகம்தான்" என்றாள் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழற்றிய மூன்றையும் திரும்பப் பூட்டினேன். நாலையும் துடைத்து, ஒரே கிரீஸை அள்ளித் தலை தெரியாமல் அப்பினேன். பிறகு மச்சானுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"ஒரு போல்ட் வழுக்குது, வந்து பாருங்க." எந்தப் போல்ட் என்று சொல்லவில்லை.

சுத்தியலோடு வந்தார். ஸலாம் சொன்னார். நேரே வலப்பக்கம் போய்க் குந்தி, கீழ் போல்ட்டின் கிரீஸை விரலால் வழித்தார்.

அவருக்கென்று கொண்டுவந்த தேத்தண்ணியை, அதைப் பார்த்து நின்ற மனைவி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.