உருண்ட படமும் உடைந்த மானிட்டரும்

என் கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்த கேசட்டை மானிட்டரில் போட்டுப் பார்க்கும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன். அவர் இறந்த பிறகு, அந்த மானிட்டரை என் கொழுந்தன் அன்வர் நாகல் நகரில் தன் வீடியோ கேம் கடையில் ஆட்டம் காட்டும் திரையாக வைத்தார்.

ஒருநாள் திரையில் படம் நிற்காமல் மேலும் கீழுமாக உருண்டதாம்.

"பிக்சர் டியூப் போயிருச்சு மதினி. காயலான் கடையில போட்டுட்டேன்" என்றார்.

வேறு டிவியை மாட்டினார். அதிலும் படம் உருண்டது. மெக்கானிக்கை வரவழைத்தார்.

"கேம் போர்டுலதான் படத்தை நிறுத்துற சிங்க் ஒயரு விட்டுருக்கு. மானிட்டர் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் மெக்கானிக்.

நானும் அன்வரும் காயலான் கடைக்கு ஓடினோம். அதற்குள் உள்ளிருந்த செம்புக் கம்பிக்காக மானிட்டரை உடைத்துவிட்டார்கள். கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்து அன்வர் தேம்பி அழுதார்.

இப்போது எது பழுதானாலும் நாங்கள் வேறொன்றில் மாட்டிப் பார்க்காமல் எறிவதில்லை. என் கணவருடைய ஓடாத கேமராவை மட்டும் பழுது பார்க்கக்கூட யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.