மூன்று நிமிட நிறுத்தம்

சித்ரா திருச்செங்கோட்டில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். கணவர் மணியன் போர்வெல் லாரியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் இருப்பார். அங்கே மழை பிடித்துக்கொண்டால்தான் வீட்டுப் பக்கம் வருவார்.

ஒரு மழைக்கு, ராய்ப்பூர் சந்தையில் வாங்கிய மாடல் ரயிலோடு வந்து இறங்கினார். பச்சை எஞ்சின், மூன்று பெட்டிகள். ஜன்னல் கம்பி வரை நிஜ ரயிலை அப்படியே சுருக்கி வைத்தது போலிருந்தது. கட்டிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தார்.

"கேம்ப்புக்கு எதுத்தாப்புல, ரொம்பத் தொலைவுல ஒரு ரயிலு போகும் சித்ரா. நீளமா, நெல்லுக்காட்டு மேல மெதக்கற மாதிரி. அது மறையற வரைக்கும் பார்த்துட்டே நிப்பேன்."

எஞ்சினுக்குள் இரண்டு ரீசார்ஜ் பேட்டரிகள். அவர் கிளம்பியதும் ரயில் பீரோ மேல் ஏறிவிடும். அவர் இல்லாதபோது அதைத் தொட சித்ராவுக்கு மனம் வராது. அடுத்த மழைக்கு இறக்கினால் பேட்டரி செத்திருக்கும். ஒரு தடவை கசிந்து, உள்ளே தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது.

போன ஆடிக்கு முந்தின ஆடியில் இரண்டே நாள் லீவில் வந்தார். பழைய பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை. புதிதாக வாங்கியதும் சொத்தை. கிளம்புகிற அன்று எஞ்சினை உள்ளங்கையில் வைத்துச் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் போனில் அவர் "ஆமா", "சரி" என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவது வழக்கமாகி இருந்தது.

அவர் போன மறுவாரம் சித்ரா எஞ்சினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். கடைக்கு உதிரிபாகம் விற்கும் இம்தியாஸ் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி சும்மா கெடந்தா செத்துடும்க்கா. இதுக்குக் கெப்பாசிட்டர் போடுங்க. எத்தன மாசம் காலியா கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. கரண்டக் காட்டுனா எந்திரிச்சுக்கும்."

சுண்டுவிரல் உயரத்தில், தடிமனாக ஒன்றை எடுத்து வைத்தார். "ரெண்டே முக்கால் வோல்ட்டுக்கு மேல குடுத்துடாதீங்க."

வீட்டுக்கு வந்து அவசரத்தில் போன் சார்ஜரை நேராகக் கொடுத்துவிட்டாள். ஐந்து வோல்ட். கெப்பாசிட்டர் தலை வீங்கி, புஸ்ஸென்று ஒரு நெடி. இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தவளுக்கு அழுகையே வந்தது. மறுபடி சேலம் போனாள். இந்த முறை சார்ஜருக்கு வோல்ட் குறைக்கும் சின்ன போர்டு ஒன்றைப் பூட்டி இரண்டரைக்கு வைத்தாள். காலி கெப்பாசிட்டர் கரண்டை ஒரேயடியாக இழுத்துவிடாமலிருக்க ஒரு ரெசிஸ்டரும் வைத்தாள். பேட்டரி இருந்த குழிக்குள் புதியது கச்சிதமாக உட்கார்ந்தது.

மூன்று நிமிடம் சார்ஜ் ஏறியது. நான்கு நிமிடம் ஓடியது. பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடிய ரயில் அது. 'இவ்வளவுதானா?' என்று நினைத்துக்கொண்டே பீரோ மேல் வைத்தாள்.

போன ஆடியில் மணியன் வந்தார். ரயிலைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சித்ரா தண்டவாளம் போட்டுச் சார்ஜும் ஏற்றிவிட்டாள். ரயில் கிளம்பியது. அவர் ஈரத் தலையோடு அப்படியே தரையில் சாய்ந்தார். வேகமாகப் போன ரயில், சுற்றுக்குச் சுற்று மெல்லத் தளர்ந்து, ஊர்ந்து, கட்டில் காலருகே நின்றது.

"பேட்டரி தீந்துருச்சா?"

"பேட்டரியே இல்லீங்க. மூணு நிமிசம் பொறுங்க."

ஒயரைச் சொருகினாள். இருவரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெளியே தறிச் சத்தம் மழை போலக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் நிறுத்தத்தில் அவர், அறுநூறு அடி போயும் தண்ணீர் வராமல் புழுதியே வந்த ஓர் ஊரைப் பற்றிச் சொன்னார். அடுத்ததில், கேம்ப்பில் சோறாக்குபவர் பாடும் பாட்டைப் பற்றி. ரயில் ஓடும்போது பேச்சில்லை. நின்றால் பேச்சு. நாலாவதோ ஐந்தாவதோ நிறுத்தத்தில் எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னார்:

"எடது காது கேக்கறதில்ல புள்ள. ரெண்டு வருசமாச்சு. வலதும் கொறஞ்சுட்டே வருது. போன்ல நீ பேசறது பாதி புரியாது."

"ஏனுங்க, எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா அனுப்ப மாட்டே."

அதற்குள் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அவள் ஒயரைப் பிடுங்கவில்லை.

மறுநாள் சேலத்தில் காது டாக்டரிடம் போனார்கள். போன காது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் போர்வெல் கம்ப்ரசர் இரைச்சல் பக்கம் போகவே கூடாது என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து மணியன் ஊரிலேயே போர்வெல் லாரி கட்டும் பட்டறை ஒன்றின் உதிரிபாக அறையில் வேலைக்குச் சேர்ந்தார். அடி கணக்கில் பூமிக்குள் போனவருக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது முதலில் வெட்கமாக இருந்தது. பழகிக்கொண்டார்.

இந்தத் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவும் இல்லாமல், இருவரும் சங்ககிரி போய்ப் பாசஞ்சர் ரயில் ஏறினார்கள். எங்கே போகிறோம் என்று பேசிக்கொள்ளவில்லை. மரவள்ளிக் காடுகள் வந்தன. ஆலைக் களத்தில் காயப் போட்ட ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று வெகுதூரம் விரிந்து கிடந்தது. சித்ரா அவருடைய வலது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்து, அதைக் காட்டி ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்டது.